நுங்கிலும் வலைக்கண்ணிலும் சமச்சீர்க் கோடு பார்ப்பது எப்படி?

ஒரு வடிவத்தை மடிக்கும்போது ஒரு பாதி மறுபாதியின் மேல் விளிம்போடு விளிம்பாகப் படிந்தால், அந்த மடிப்புதான் சமச்சீர்க் கோடு. இரண்டு பாதியும் ஒரே அளவாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். அதை முதலில் தீர்த்துவிடலாம்.

படி 1: ஏ4 தாளை (21 × 29.7 செ.மீ.) நெடுக்கே மடியுங்கள், படியும். குறுக்கே மடியுங்கள், அதுவும் படியும். இப்போது மூலைக்கு மூலை மடியுங்கள். பரப்பு சரிபாதிதான், ஆனாலும் இரண்டு முனைகள் வெளியே துருத்தும். ஆகவே செவ்வகத்துக்கு 2 கோடுகளே.

படி 2: ஒரு துண்டு மீன்வலையை மேசையில் விரித்து, ஒரே ஒரு கண்ணைப் பாருங்கள். நெடுக்கே இழுத்தால் சாய்சதுரம்: முனைக்கு முனை போகும் 2 கோடுகள் மட்டும். மெதுவாக அகலப்படுத்துங்கள். நான்கு மூலையும் செங்கோணமாகும் அந்த ஒரு நிலையில் சதுரம், 4 கோடுகள். இன்னும் இழுத்தால் மறுபடி 2. நூலின் நீளம் மாறவேயில்லை, கோணம்தான் மாறியது.

படி 3: சாயல்குடிப் பக்கம் கோடையில் நுங்குக்குப் பஞ்சமில்லை. தலை சீவிய மூன்று கண் காய் ஒன்றை நேர் மேலிருந்து பாருங்கள், ஃ மாதிரி இருக்கும். ஒரு கண்ணின் நடுவில் தொடங்கி மற்ற இரண்டுக்கும் இடையே போகும் கோடு ஒன்று, இப்படி 3. ஒரு கண் மட்டும் சிறுத்திருந்தால் 1 கோடுதான் மிஞ்சும்.

படி 4: நண்டை மடிக்க முடியாது. நேர் மேலிருந்து படம் எடுத்து, படத்தின் நடுக்கோட்டில் சிறு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கண்ணாடிக்குள் தெரியும் பாதி, அது மறைக்கும் பாதியைப் போலவே இருந்தால் அதுதான் சமச்சீர்க் கோடு. கண்ணாடி சாய்ந்தாலும், படம் கோணலாக எடுக்கப்பட்டிருந்தாலும் விடை தப்பும். நாக்கு மீனிடம் இந்த வித்தை பலிக்காது. இரண்டு கண்ணும் ஒரே பக்கம்.

படி 5: கடைசியாகச் சங்கு. அதன் சுருள் ஒரு பக்கமாகவே சுற்றுவதால், எங்கே வெட்டினாலும் பாதிகள் பொருந்தா. இடம்புரிச் சங்கைக் கண்ணாடி முன் வையுங்கள்: உள்ளே தெரிவது வலம்புரி! பிம்பம் வேறு, பொருள் வேறு என்றால் சமச்சீர்க் கோடு பூஜ்யம். கண்ணாடிக்குள் இருக்கும் வலம்புரிக்கு விலைதான் கிடைக்காது.