"இப்ப ஒண்ணும் செய்யலையே" என்று மாத்திரையை நிறுத்தலாமா?

மண்டபம், பெரியபட்டினம், ஏர்வாடி, மூக்கையூர் எனக் கரையோர ஊர்களில் அறுபதைத் தாண்டியவர்களிடம் பிரஷர், சுகர் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "இப்ப ஒண்ணும் செய்யலையே" என்பதுதான். வலை இழுத்தும் பாசி எடுத்தும் உரமேறிய உடம்பு. வலித்தால்தான் நோய் என்று நம்புகிறது. நான் பார்த்தவரை பல தவறுகளுக்கு வேர் இந்த நம்பிக்கைதான்.

முதலில் மாத்திரையை நிறுத்துவது. இரத்த அழுத்தம் தொடர்ந்து 140/90க்கு மேல் இருந்தாலும் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. மாத்திரை போடுவதால்தான் அளவு இறங்கியிருக்கிறது. "நார்மல் ஆயிருச்சு" என்று நிறுத்தினால் சத்தமில்லாமல் மறுபடி ஏறும். ஒன்று விட்டு ஒரு நாள் போட்டு, ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதம் ஓட்டுபவர்களும் உண்டு. செலவுக்குப் பயந்து இப்படிச் செய்ய வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள்.

சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கடலுக்கு இறங்குவதும் ஆபத்து. இன்சுலினும் சில மாத்திரைகளும் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். நோன்பு வைக்கும் பெரியவர்கள் ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மருந்தின் வேளையையும் அளவையும் எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்வது நல்லது. தாங்களாகவே மாற்றிக்கொள்ளக் கூடாது.

எனக்கு அதிகக் கவலை தருவது கால்தான். சுகர் நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். கரையில் வெறுங்காலில் நடக்கும்போது உடைந்த சிப்பியோ மீன் முள்ளோ குத்தினாலும் தெரியாது, சுடுமணல் பொசுக்கினாலும் தெரியாது. வலி இல்லாததால் சின்னப் புண் என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் காப்பித்தூளையோ மஞ்சளையோ அப்புகிறார்கள். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது. கால் வலிக்கு இதமாக இருக்கும் என்று வெந்நீரில் பாதத்தை வைப்பதும் தவறு. சூடு உறைக்காமல் தோல் வெந்துபோகும்.

இரவு படுக்கும் முன் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கண் மங்கியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். புண் இருந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணி சுற்றி மருத்துவரிடம் காட்டுங்கள். வாடையோ கருப்போ வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். மணலில் இறங்கினாலும் செருப்பு காலில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் இரண்டு விஷயம். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய் சேரும்போது அது எளிதில் தாண்டிவிடும். பிரஷர் உள்ளவர்கள் பச்சை மீனுக்கு மாறுவது நல்லது. ஆசைக்கு எப்போதாவது கருவாடு என்றால் நன்றாக ஊறவைத்து அலசி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் சமைக்கலாம். அப்புறம் கருப்பட்டி. பனங்காட்டு ஊரில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கருப்பட்டிக் காப்பியும் சர்க்கரை அளவை ஏற்றத்தான் செய்யும்.

மூட்டு வலிக்குச் சீட்டில்லாமல் கடையில் செட் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்தை விட வேண்டும். வலி மாத்திரைகள் பல, பிரஷரை ஏற்றும். சுகரும் பிரஷரும் இருப்பவர்களுக்குச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பவருக்கு இன்னும் மோசம். வயது ஏற ஏறத் தாகம் சரியாகத் தெரியாது என்பதால் வீட்டில் இருப்பவர்கள்தான் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ "காலையில பார்த்துக்கலாம்" என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். பக்கவாதத்தில் இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். பாம்பன் பாலத்தைக் கடந்து வரவேண்டிய தீவுக்காரர்களுக்குப் பயண நேரமும் இதில் சேரும். பார்த்த உடனே 108ஐ அழையுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொண்டு, போட்டுவரும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.