வன்னியில் பன்னிரண்டு மாதமும் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தருமபுரத்துக்குக் கிட்ட, பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் ஒரு பெண் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். கையெல்லாம் கறுப்பு. கிட்டப் போனபோதுதான் தெரிந்தது, இந்தத் தவணை எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த ரீச்சர்.

"அக்கா, பின்சில்லு ஒரு பக்கம் சரிஞ்சு பிறேக்கில உரசுது. வாங்கி நாலு மாதம்தான்" என்றார்.

சைக்கிளைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு துணுக்கென்றது. முன்னுக்கு ஒரு ஷொக் (குலுக்கலைத் தாங்கும் வில்லு), நடுவில் ஒரு ஷொக், 21 கியர். 2013இல் முதல் நியமனம் கிடைத்தபோது நான் வாங்கியதும் இதே சாதிச் சைக்கிள்தான். எனக்கும் அதே இடத்தில்தான் போனது. என்னிடம் அன்று யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு காசு மிஞ்சியிருக்கும் என்ற நினைப்பில்தான் இதை எழுதுகிறேன்.

முரசுமோட்டையிலிருந்து விசுவமடுவுக்குப் போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். மழை, வெயில், காற்று எல்லாவற்றிலும் சைக்கிள்தான். காற்றுப் பார், பிறேக் பார் என்று எல்லாரும் சொல்கிற புத்திமதிகளை விடுகிறேன்.

கியரையும் ஷொக்கையும் பார்த்து வாங்குவது

கடையில் இரண்டு சைக்கிள்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று கறுப்பில் சாதாரணச் சைக்கிள்: மட்காட், செயின் கவர், கரியர், இரட்டைக்கால் ஸ்ராண்ட். மற்றது பளபளப்பாக, தடித்த ரயரோடு, இரண்டு ஷொக், கியர் லீவர் எல்லாம் பூட்டி நிற்கும். விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. இவ்வளவு சாமானும் இதே விலைக்கா என்று மனம் இரண்டாவதில் விழும். எனக்கும் விழுந்தது. அந்த இடத்தில்தான் யோசித்திருக்க வேண்டும். அத்தனை சாமானையும் அதே விலைக்குள் அடக்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் ஆகக் குறைந்த தரத்தில் போட்டால்தான் முடியும்.

முதலில் முறிவது பின் அச்சு. ஏன் என்று எனக்கு விளங்க மூன்று அச்சுகள் வளைய வேண்டியிருந்தது. பின் ஹப்பில், அதாவது சில்லின் நடுக்குடத்தில், அச்சைத் தாங்குவது இரண்டு பக்கமும் உள்ள போல்ஸ் என்ற சின்ன இரும்புக் குண்டுகள். சாதாரண ஒற்றைப் பல்லுச்சில்லுச் சைக்கிளில் பிறீவீல், அதாவது பின்னுக்குச் செயின் ஓடும் பல்லுச்சில்லு, மெல்லியது. அதனால் வலப்பக்கப் போல்ஸ் பிறேமுக்குக் கிட்டவே இருக்கும். விலை குறைந்த கியர்ச் சைக்கிளில் ஆறு ஏழு பற்சில்லுகள் சேர்ந்த தடித்த பிறீவீலை ஹப்பில் திருகிப் பூட்டுகிறார்கள். அதற்கு இடம் விட வலப்பக்கப் போல்ஸ் உள்ளே தள்ளிப் போய்விடுகிறது. போல்ஸுக்கும் பிறேமுக்கும் நடுவில் அச்சு எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆள் பாரம், கரியரில் பத்துக் கிலோ அரிசி, கிரவல் வீதியில் ஒரு பள்ளம்: அச்சு அந்த இடத்தில் வளைகிறது. ஓடிக்கொண்டிருந்தால் ஒருநாள் முறியும்.

சில்லுக் கம்பிகளுக்கும் இதே கதிதான். பிறீவீலுக்கு இடம் விட்டதால் சில்லின் இரண்டு பக்கமும் ஒரே அளவு சரிவில் இல்லை. வலப்பக்கக் கம்பிகள் நிமிர்ந்து, மிக இறுக்கமாக இருக்கும். இடப்பக்கம் தளர்வு. பாரம் ஏற ஏறக் கம்பி அறும், சில்லு நெளியும். அந்த ரீச்சருக்கு வந்தது இதுதான்: அச்சும் வளைந்து இரண்டு கம்பிகளும் போயிருந்தன. விலை கூடிய கியர்ச் சைக்கிள்களில் போல்ஸை வெளி ஓரத்துக்குக் கொண்டுவந்த வேறு மாதிரி ஹப் வருகிறது. அது தாங்கும். ஆனால் பளபளப்பைப் பார்த்து நாங்கள் வாங்குவது அதையல்ல.

அடுத்தது நடு ஷொக். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அது அமுங்கி எழும்பும். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு முன்னே போகாமல் அந்த வில்லுக்குள் போய்விடும். அதைவிடக் கொடுமை கரியர். பின்பக்கம் மேலும் கீழும் ஆடுகிறபடியால் சரியான கரியர் பூட்ட இடமே இல்லை. சீற் கம்பியில் கவ்வும் ஒரு சின்னக் கரியரைக் கொடுப்பார்கள். அது பாரத்துக்குச் சுழலும். ஒரு கார்த்திகை மாதம் தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டோடு வந்துகொண்டிருந்தேன். கரியர் ஒரு பக்கம் திரும்ப, கட்டு வீதியோரத் தண்ணீருக்குள் விழுந்தது. நாற்பது பிள்ளைகளின் விடைத்தாள். இரவிரவாகக் கொடியில் காயப்போட்டு, மை கரைந்த இடங்களைப் பிள்ளைகளிடமே வாசித்துக் கேட்டுப் புள்ளி போட்டேன். இன்றைக்கும் அந்தச் சைக்கிளை நினைத்தால் கோபம் வருகிறது.

செயின் கவரும் இல்லை. சேலை உடுத்து ஓடும் எங்களுக்கு இது சின்ன விஷயமல்ல. கரை செயினுக்குள் போய்ச் சுற்றினால் சேலை மட்டும் கிழியாது, ஆளும் விழும். பின்சில்லில் வலை, முழுச் செயின் கவர், குறுக்குப் பார் இல்லாத பிறேம்: இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சைக்கிளைச் சேலை உடுப்பவர்கள் தொடவே வேண்டாம்.

அப்படியானால் கியர் தேவையே இல்லையா? வன்னியில் ஏறுவதற்கு மலை எங்கே இருக்கிறது? எங்களுக்கு ஏற்றம் என்பது காற்றுத்தான். வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். பாடசாலை விட்டு மேற்கே பார்த்து வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில், வயல்வெளியில் முகத்துக்கு நேரே வரும். அதற்கு 21 கியர் வேண்டாம். பின்னுக்கு உள்ள பல்லுச்சில்லை மாற்றினால் போதும். முன்னுக்கு 44 பல்லும் பின்னுக்கு 18 பல்லும் உள்ள 28 அங்குலச் சைக்கிள், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 5.5 மீற்றர் போகும். பின்னுக்கு 22 பல்லுப் போட்டால் 4.5 மீற்றர். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் முழங்கால் தப்பும், பாரத்தோடும் காற்றுக்குள் போகலாம். செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டி வரலாம், அவ்வளவுதான். ஒரு பிறீவீலின் விலையில் முடிகிற வேலை இது. நான் 20 பல்லுப் போட்டு எட்டு வருடமாக ஓடுகிறேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், பின்னுக்குப் பாரம் கட்டாதீர்கள். சாமானை முன் கூடைக்கோ முதுகுப் பைக்கோ மாற்றுங்கள். பிறகு, சில்லு நல்லாக இருக்கும்போதே விற்றுவிடுங்கள். அச்சு வளைந்த பிறகு பாதி விலைக்கும் போகாது. எனக்குப் போகவில்லை.

மாரிக்கு இரும்பு றிம்மை நம்புவது

பளபளக்கும் குறோம் பூசிய இரும்பு றிம் (ரயர் ஏறும் வளையம்) காய்ந்திருக்கும்போது நன்றாகத்தான் பிடிக்கும். நனைந்தால் பிறேக் கட்டை வழுக்கிக்கொண்டு போகும். நிற்க எடுக்கும் தூரம் பல மடங்கு கூடும். ஐப்பசியில் மழை தொடங்கிய முதல் கிழமையில் ஒரு மாட்டின் விலாவில் போய் முட்டித்தான் நான் இதைப் படித்தேன். மாடு எழும்பிப் போய்விட்டது. எனக்குத்தான் மணிக்கட்டில் வெடிப்பு.

சைக்கிளுக்கு ஒரே ஒரு செலவு செய்யக் காசு இருந்தால் அலுமினிய றிம்முக்குச் செய்யுங்கள். நனைந்தாலும் இரும்பைவிட எவ்வளவோ நன்றாகப் பிடிக்கும், துருப்பிடிக்காது, பாரமும் குறைவு. ஒரு விஷயம் கவனம்: பழைய பெரிய சைக்கிள்களில் வரும் கம்பி பிறேக், றிம்மின் உட்பக்கத்தை, அதாவது ஹப்பைப் பார்த்த பக்கத்தை அமத்துவது. சாதாரண அலுமினிய றிம் அதற்குப் பொருந்தாது. றிம்மை மாற்றினால் பக்கவாட்டில் கவ்வும் கேபிள் பிறேக்கும் சேர்த்துப் போட வேண்டும். இரண்டுக்கும் வசதியில்லையென்றால், மழைக்குள் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னரே பிறேக்கை மெல்லப் பிடியுங்கள். சில்லு சில சுற்றுச் சுற்றி றிம்மின் தண்ணீர் துடைபட்ட பிறகுதான் கட்டை பிடிக்கும்.

26 என்றால் எல்லாம் ஒரே 26 என்று நினைப்பது

ரயர் தேய்ந்துவிட்டது, கடைக்குப் போய் "26 ரயர் ஒன்று தாங்கோ" என்று வாங்கி வருவோம். வீட்டில் பூட்டினால் ஏறாது. அல்லது தொளதொளவென்று கழன்று விழும். 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதிய ரயரின் உள்விட்டம் 590 மில்லிமீற்றர். 26 × 1.95 என்று தசமத்தில் எழுதியதின் உள்விட்டம் 559. பெயர் ஒன்று, வித்தியாசம் மூன்று சென்ரிமீற்றருக்கு மேல். 28இலும் அப்படித்தான்: எங்கள் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 × 1½ ரயருக்கு 635, புதுச் சைக்கிள்களில் வரும் 700சீ ரயருக்கு 622. ரயரின் பக்கத்தில் 37-590, 40-635 என்று இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். பின்னால் வரும் மூன்று இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். சைக்கிள் வாங்கும்போதே உங்கள் சந்திக் கடையில் அந்த அளவு ரயர் தொங்குகிறதா என்றும் பாருங்கள். தொங்கவில்லையென்றால் அந்தச் சைக்கிள் வேண்டாம்.

இரண்டு காலும் நிலத்தில் முட்டும்படி சீற்றை இறக்குவது

முழங்கால் நோவின் பாதி இதிலிருந்துதான். பெடல் அடியில் இருக்கும்போது குதிக்கால் அதில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். இறங்கி நிற்க ஒரு கால் விரல்கள் முட்டினால் போதும்.

வெள்ளத்துக்குள் ஓடிவிட்டு வெயிலில் காயவிடுவது

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து எங்கள் பக்கம் வெள்ளம் வந்தபோது, ஹப் மூழ்கும் தண்ணீருக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். வடிந்த பிறகு கழுவிக் காயவிட்டேன். வெளியே புதிதுபோல இருந்தது. தை முடிவதற்குள் முன்சில்லு கரகரக்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் கிறீஸ் பால்போல வெளுத்துப் போய், போல்ஸ் எல்லாம் துரு. தண்ணீர் ஹப்புக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் போய்விட்டால் வெயில் அதை எடுக்காது. அதே கிழமையில் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புதுக் கிறீஸ் வைக்க வேண்டும். கிறீஸ் கொஞ்சக் காசு. ஹப் அப்படியல்ல.

டைனமோ இருக்கிறது என்று பின்பக்கத்தை மறப்பது

டைனமோவில் எனக்குத் தனிப் பாசம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றறி கிடைக்காத காலத்தில், சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டு வளர்ந்த பிள்ளை நான். செய்தி முடியும் வரை அண்ணாவும் நானும் மாறி மாறிச் சுற்றுவோம். ஆனால் பாசம் வேறு, மாரி இருட்டு வேறு. ரயர் நனைந்தால் டைனமோ உருளை வழுக்கும், லைற் மங்கும். நீங்கள் நின்றால் அதுவும் நின்றுவிடும். பின்னால் வரும் ரிப்பர் லொறிக்கு நீங்கள் தெரிய வேண்டும். மட்காட்டில் சிவப்புப் பிரதிபலிப்பான் ஒன்று, அதோடு பற்றறியில் எரியும் சின்னச் சிவப்பு லைற் ஒன்று. முன்னுக்குச் செய்யும் செலவுக்கு முன்னர் இதைச் செய்யுங்கள்.

செயினுக்குக் கழிவு ஒயில்

மோட்டார்சைக்கிளில் இருந்து வடித்த கறுப்பு ஒயிலை ஊற்றுவது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். அது செம்மண் தூசியை இழுத்துப் பிடித்து அரைக்கும். நல்ல ஒயில் கண்ணிக்கு ஒரு துளி போதும், பிறகு வெளிப்பக்கத்தைச் சீலைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

செயின் தேய்ந்ததை அடிமட்டத்தால் அளக்கலாம். புதுச் செயினில் ஓர் ஆணியிலிருந்து எண்ணினால் 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டினால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் பற்களும் சாப்பிடப்பட்டிருக்கும், புதுச் செயின் அதில் துள்ளும், பிறீவீலும் சேர்த்து வாங்க வேண்டி வரும்.

ஒற்றைக்கால் ஸ்ராண்ட்

பாரத்தோடு ஈர மண்ணில் நிறுத்தினால் விழும். இரட்டைக்கால் போடுங்கள். ஈரத்தில் அதன் கீழேயும் ஒரு பலகைத் துண்டு வையுங்கள்.

அந்த ரீச்சரின் சைக்கிளை அன்று ரக்ரர் பெட்டியில் ஏற்றித் தருமபுரம் கடைக்குக் கொண்டுபோனோம். அச்சும் கம்பியும் மாற்றி ஓடுகிறார். இப்போதைக்குக் கொப்பிகளை என் கரியரில் கொண்டுவருகிறேன். அடுத்த சம்பளத்தோடு ஒரு பழைய லேடிஸ் சைக்கிள் பார்க்கப் போகிறோம். பிறேம் நேராக இருந்தால் சரி, மற்றதெல்லாம் மாற்றலாம்.