கரப்பான்னு ஏன் பேரு வந்துச்சு? வீட்லயே தேடிப் பாக்கற வழி

நேத்து ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து லைட்ட போட்டேன், கேவுரு டப்பா மேல மேஞ்சிட்டு இருந்த கரப்பான் சட்டுனு சுவத்து இடுக்குல பூந்துருச்சு, மீசை ரெண்டு மட்டும் வெளிய ஆடிட்டு இருந்துது. அடிக்கத்தான் முடியல, ஆனா அந்த பேருக்கு அர்த்தம் அங்கயே இருக்கு.

ஒரு பேரோட மூலம் தெரியணும்னா ஒட்டிட்டு இருக்கறத எல்லாம் கழட்டிட்டு வேர மட்டும் எடுங்க. கரப்பான்ல ‘ஆன்’ போனா கரப்பு, அதுக்கும் அடியில ‘கர’. இது இன்னும் நம்ம வாயில பொழங்குதான்னு யோசிங்க... “கள்ளங்கரவு இல்லாத மனுசன்”னு பாட்டிங்க சொல்லுவாங்கல்ல, அந்த கரவுதான், ஒளிக்கறதுன்னு அர்த்தம். பழைய பாட்டுலயும் தேடணும். குறள் 527ல “காக்கை கரவா கரைந்துண்ணும்”னு வருது, காக்கா கெடச்சத ஒளிக்காம கூட்டத்த கூப்ட்டு திங்குமாம் (பக்கத்துலயே வர்ற ‘கரைந்து’க்கு கத்தறதுன்னு அர்த்தம், அது வேற). அப்டின்னா கரப்பான்னா ஒளியறதுன்னுதான் எனக்கு படுது.

1924ல இருந்து 1936 வரைக்கும் சென்னைப் பல்கலைக்கழகம் போட்ட ஆறு தொகுதி தமிழ் லெக்சிகன்ங்கற அகராதி நெட்ல ஃப்ரீயாவே இருக்கு, அதயும் பாத்துருங்க. கரப்பான்னு தேடினா தோல் நோயும் வரும், பேரு ஒண்ணா இருக்கேன்னு பூச்சி ஊர்ந்துதான் அந்த சொறி வருதுன்னு கதை கட்டிராதீங்க.

அப்பறம் இது கடன் வாங்குன சொல்லான்னு பாக்கணும். அதுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருக்கறவங்களுக்கு நல்ல வசதி, பக்கத்து வீட்லயே கேட்டுக்கலாம். தெலுங்கு பேசற அக்கா பொத்திங்கன்னு சொல்வாங்க, கன்னடக்காரங்க ஜிரலென்னு சொல்வாங்க, ரெண்டுலயும் ‘கர’ வாடையே இல்ல, அதனால அங்க இருந்து வந்த பேரு இல்ல.

இத பாக்காம வேர பிரிச்சா மாட்டிப்பீங்க. இங்கிலீஷ் காக்ரோச்ச பிரிச்சா காக், அதாவது சேவல்னு நிக்கும், ஆனா அது ஸ்பானிஷ் குக்கராச்சா, 1624ல ஜான் ஸ்மித்ங்கற இங்கிலீஷ்காரர் எழுதறப்ப காக்கரூட்ச்னுதான் எழுதிருக்காரு, போகப்போக அவங்க காதுக்கு பழகுன மாதிரி மாத்திக்கிட்டாங்க. சேவலுக்கும் கரப்பானுக்கும் இருக்கற ஒரே சம்பந்தம், சேவல் பாத்தா கொத்தி தின்னுரும்.