பிள்ளை பிறந்த பிறகும் வேலையில் நிற்க

மதுரையில் தனியார் கம்பெனியில் இருக்கும் பெண் கர்ப்பமானால், முதல் வேலை, மகப்பேறு விடுப்பை எழுத்தில் கேட்பது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு; மகப்பேறு சட்டத்தில் 2017 திருத்தம் தந்த உரிமை அது, யாரும் போடும் பிச்சை இல்லை. "ராஜினாமா எழுதிக் குடும்மா, அப்புறம் சேர்த்துக்கலாம்" என்றால் எழுதவே எழுதாதீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் கேட்கலாம்.

அடுத்தது வீடு. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு, தனியாரில் முதலாளி மனசு வைத்தால்தான். சரி, காய்ச்சல் நாளில் லீவு போடவும் தடுப்பூசிக்குத் தூக்கிப் போகவும் சட்டமா வேண்டும்? யாருக்கு எந்த நாள் என்று வேலைக்குத் திரும்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், பாட்டி பார்த்துக்கொள்வார் என்று விட்டால் கடைசியில் எல்லாம் அம்மா தலையில்தான் விழும்.

ஆபீஸில் ஆணுக்குப் பிள்ளை பிறந்தால் "பொறுப்பு வந்திருச்சு" என்பார்கள், பெண்ணுக்கு என்றால் "இனி எங்க வரப்போறா". முதல் குழந்தைக்குப் பிறகுதான் ஆண் பெண் சம்பள இடைவெளி பெரிதாகிறது என்று காட்டியவர் 2023இல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின். அதனால் மானேஜர் இரக்கப்பட்டுச் சின்ன வேலையாகக் கொடுத்தால், பழைய பொறுப்பையே கேட்டு ஈமெயில் போடுங்கள்.