நாரி நோ மாறவில்லையா? ரிப்போர்ட்டுகளை இப்படிப் பாருங்கள்

வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் மருந்தாளராக இருக்கிறேன். நாரி நோவுக்குக் குளிசை கேட்டு வராத நாள் இல்லை. பெரும்பாலும் தசைப்பிடிப்பு, தேய்மானம்தான். ஆனால் அறுபது தாண்டிய ஒருவர் மாதக்கணக்காக அதே டைக்ளோபினக் கார்டை வாங்குகிறார், படி ஏறினால் களைக்குது என்கிறார் என்றால், "ஐயா, கடைசியா எடுத்த இரத்த ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்காமல் விடமாட்டேன். மல்டிப்பிள் மயலோமா என்ற புற்றுநோய் பல பேரிடம் இப்படித்தான் தலைகாட்டுகிறது.

எலும்பு மச்சையில் இருக்கும் பிளாஸ்மா கலங்களின் வேலை, கிருமிகளை எதிர்க்கும் புரதங்களை விதம்விதமாகச் செய்வது. மயலோமாவில் ஒரே ஒரு கலத்தின் வழிவந்தவை கட்டுமீறிப் பெருகி, ஒரே அச்சுப் புரதத்தைக் கொட்டுகின்றன. அதனால் எலும்பு அரிக்கும், கல்சியம் கூடும், சிறுநீரகம் பழுதாகும், இரத்தம் குறையும்.

வீட்டில் கிடக்கும் ரிப்போர்ட்டுகளை எல்லாம் மேசையில் ஒன்றாகப் பரப்புங்கள். ஹீமோகுளோபின் ஒரு டொக்டரிடம், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் இன்னொருவரிடம், எக்ஸ்ரே வேறொருவரிடம் என்று பிரிந்து கிடந்தால் யாருக்கும் முழுப்படம் தெரியாது. ஹீமோகுளோபின் 10 g/dLக்குக் கீழ், கிரியேட்டினின் 2 mg/dLக்கு மேல், கல்சியம் 11 mg/dLக்கு மேல் என்பவை கவனிக்க வேண்டிய எல்லைகள். சிவப்பணுக்கள் படியும் வேகத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். (ESR) நூறைத் தொட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு டோட்டல் புரோட்டீனில் இருந்து அல்புமினைக் கழியுங்கள். மிச்சம் 4 g/dLக்கு மேல் வந்தால் அதை டொக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். நாட்பட்ட தொற்று, ஈரல் நோயிலும் அப்படி வரும். ஆகவே பயந்துவிட வேண்டாம்.

அடுத்து கேட்க வேண்டியது, இரத்தத்தில் உள்ள புரதங்களை வகை பிரித்துக் காட்டும் சீரம் புரோட்டீன் இலெக்ட்ரோபோரெசிஸ் பரிசோதனை. அந்த ரிப்போர்ட்டில் ஒரு கோட்டுப்படம் இருக்கும். வலது ஓரத்தில் வழக்கமாகத் தாழ்ந்த, அகன்ற மேடு ஒன்று தெரியும். மயலோமாவில் அந்த இடத்தில் ஊசிபோல் ஒரு கூர்முனை எழும்பி நிற்கும். சிலருக்கு இதில் ஒன்றும் தெரியாது, அதனால் அந்தப் புரதத்தின் சிறு துண்டுகளை இரத்தத்தில் அளக்கும் ஃப்ரீ லைட் செயின் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். சாதாரண சிறுநீர்ப் பட்டி அல்புமினைத்தான் பிடிக்கும், இந்த லைட் செயின் புரதத்தைத் தவறவிடும். உறுதிப்படுத்த மச்சைப் பரிசோதனையும் எலும்பு ஸ்கேனும் வேண்டும். கூர்முனை இருந்தாலே புற்றுநோய் என்றில்லை. கூர்முனை இருந்தும் உறுப்புகளுக்குப் பாதிப்பு இல்லாத எம்.கஸ் (MGUS) என்ற நிலையில் வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் முற்றும், மற்றவர்களுக்குக் கண்காணிப்பே போதும்.

நோய் உறுதியானால் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் அரசாங்கச் செலவில் சிகிச்சை உண்டு. பூரணமாக மாறாது, ஆனால் போர்ட்டெசொமிப், லெனலிடொமைட் போன்ற மருந்துகளால் பல வருடங்கள் அடக்கி வைக்க முடிகிறது. போர்ட்டெசொமிப் ஏற்றும்போது கால் விறைத்தால், எரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மருந்தின் அளவைக் குறைப்பார்கள். இவற்றோடு தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீரொய்ட் இரத்தத்தில் சீனியைக் கூட்டும். காலையில் சாப்பிட்ட பின் எடுத்தால் இரவுத் தூக்கம் கெடாது. எலும்புக்கு சொலெட்ரோனிக் அசிட் ஏற்ற முதல் பல் வைத்தியரிடம் போய்விடுங்கள், பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

டைக்ளோபினக், இபுபுரோபென் இரண்டையும் வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம், சிறுநீரகத்தை அவை கெடுத்துவிடும். டொக்டர் தடுக்காவிட்டால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். சிகிச்சை நடக்கும்போது காய்ச்சல் வந்தால், பனடோல் போட்டு விடியும்வரை பார்ப்போம் என்று இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.