பீரோ மேல் ஏறிய பூனை

மாட்டுத்தாவணிப் பக்கம் காலில் அடிபட்டுக் கிடந்த நாட்டு நாயை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, எங்கள் பூனை பீரோ மேல் ஏறிவிட்டது. இரண்டு நாள் சோற்றுக்குக்கூட இறங்கவில்லை. வந்ததும் நேருக்கு நேர் காட்டியது என் தப்புதான்.

அப்புறம் ரேபிஸ் தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் முடித்து, நாயைப் பின்கட்டில் தனியாக வைத்தேன். அது படுத்த சாக்கைப் பூனையின் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தேன். பூனையின் பழைய துணியை நாயிடம் போட்டேன். முதலில் வாசனை பழகட்டுமே! பத்து நாள் கழித்து, கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்துச் சோறு போட்டேன். பூனையை முறைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தால் நாய்க்கு ஒரு துண்டு அவித்த ஈரல். பிறகுதான் கயிற்றோடு உள்ளே விட்டேன்.

இப்போது இரண்டும் ஒரே திண்ணையில், ஒரு முழம் தள்ளிப் படுக்கின்றன. கோழி விஷயத்தில் மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. நாயைக் கட்டிவிட்டுத்தான் கோழிகளை மூடிவைக்கும் பஞ்சாரக் கூடையைத் தூக்குகிறேன்.