நார் ஈஸ்டர் நாட்களில் ஸ்னோவா, ஸ்லீட்டா, ஃப்ரீசிங் ரெயினா? கிழக்குக் கரைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நியூஜெர்சி, பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ், வர்ஜீனியா என்று அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு முதல்முறையாக வருகிறவர்கள், குளிர்காலம் என்றாலே ஸ்னோவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை அங்குலம் விழும், என்ன ஷூ வாங்கலாம், காரில் எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று. கேட்க வேண்டியதுதான். ஆனால் அதைவிட அதிகமாகப் பயப்பட வேண்டியது ஃப்ரீசிங் ரெயினுக்கு. ஸ்னோ கண்ணுக்குத் தெரியும், டயருக்கும் காலுக்கும் கொஞ்சமாவது பிடிமானம் கிடைக்கும். ஃப்ரீசிங் ரெயின் சாதாரண மழையாகவே விழும். ரோடு வெறுமனே நனைந்திருப்பது போலத்தான் இருக்கும். காலை வைத்த பிறகுதான் அது ஐஸ் என்று தெரியவரும்.

போனில் தெரியும் வெப்பநிலையையும் அதன் பக்கத்தில் இருக்கும் சின்னப் படத்தையும் வைத்து இதைக் கணிக்க முடியாது. போன் சொல்வது தரையின் நிலவரம். என்ன விழப்போகிறது என்பதோ பெரும்பாலும் தலைக்கு மேலே ஒன்றரை கிலோமீட்டர், சில சமயம் மூன்று கிலோமீட்டர் உயரத்தில் முடிவாகிறது.

நார் ஈஸ்டர் என்பது கரையை ஒட்டி வடகிழக்காக நகரும் குளிர்காலத் தாழ்வழுத்தப் புயல். வங்கக் கடல் தாழ்வு மண்டலத்தைப் போலவே இதுவும் இடஞ்சுழியாகத்தான் சுற்றும். அதனால் புயல் கடலில் இருக்கும்போது கரையில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். அதே நேரத்தில் கனடாவின் கியூபெக் பக்கம் ஓர் உயர் அழுத்தம் உட்கார்ந்திருந்தால், அங்கிருந்து குளிர்ந்த, வறண்ட காற்று தெற்கே இறங்கிக்கொண்டே இருக்கும். மேற்கே அப்பலாச்சியன் மலைத்தொடர் நிற்பதால் அந்தக் காற்று விலகிப் போக வழியில்லாமல் தரையோடு தேங்கிவிடும். கனமான காற்று என்பதால் எளிதில் நகராது. தெற்கிலிருந்து புயல் இழுத்து வரும் வெதுவெதுப்பான காற்று அதன் மேல் ஏறிப் போகும். கீழே குளிர், நடுவில் சூடு, அதற்கும் மேலே மறுபடி குளிர் என்று மூன்று அடுக்கு உருவாகிவிடும்.

மேலிருந்து புறப்படும் ஸ்னோ இந்த அடுக்குகளைத் தாண்டித்தான் கீழே வர வேண்டும். நடு அடுக்கு உறைநிலையை ஒட்டியே இருந்தால் அது ஸ்னோவாகவே வந்து சேரும். நடுவில் 1 முதல் 3 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருந்தால் பாதி உருகி, கீழே உள்ள குளிரில் மறுபடி இறுகிச் சின்ன ஐஸ் மணியாக விழும். அதுதான் ஸ்லீட். 3 டிகிரிக்கு மேல் போனால் முழுவதுமாக உருகித் துளியாகிவிடும். கீழே இருக்கும் குளிர் அடுக்கு மெல்லியது என்றால் அந்தத் துளி மறுபடி உறைய நேரம் இருக்காது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் தண்ணீராகவே வந்து, எதைத் தொடுகிறதோ அதன் மேல் ஐஸாகப் படியும். இதுதான் ஃப்ரீசிங் ரெயின். தரையிலும் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது உறைநிலைக்கு மேல் இருந்துவிட்டால் வெறும் மழை.

ஓரிரு டிகிரி வித்தியாசம்தான், ஆனால் விளைவு முற்றிலும் வேறு. ஒரே புயலில், ஒரே மாலையில், கடற்கரையில் மழையும், ஐ-95 நெடுஞ்சாலையை ஒட்டி ஃப்ரீசிங் ரெயினும் ஸ்லீட்டும், இன்னும் உள்ளே போனால் ஸ்னோவும் இருப்பது இங்கே சகஜம். வாஷிங்டன், பால்டிமோர், ஃபிலடெல்பியா, நியூயார்க், பாஸ்டன் எல்லாமே அந்த நெடுஞ்சாலையை ஒட்டித்தான் இருக்கின்றன. அதனால்தான் கணிப்பு அடிக்கடி மாறுகிறது. புயல் கொஞ்சம் கரையை ஒட்டி வந்தால் மழைக்கும் ஸ்னோவுக்கும் இடையிலான எல்லைக்கோடு உள்நாட்டுக்குள் நகரும், கொஞ்சம் விலகிப்போனால் கடலை நோக்கி நகரும். தெற்கு நியூ இங்கிலாந்தில், அதாவது மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ரோட் ஐலண்ட் பக்கம், இதற்கு ஓர் அளவுகோலே வைத்திருக்கிறார்கள். நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே கடலில், வடக்கு 40 டிகிரியும் மேற்கு 70 டிகிரியும் சந்திக்கும் புள்ளி அது. புயல் அதை ஒட்டிப் போனால் பாஸ்டன் பக்கம் நல்ல ஸ்னோ. அதற்கு மேற்கே வந்தால் கரையோரத்தில் மழையாக மாற வாய்ப்பு அதிகம்.

ஆகவே ஒரு வாரம் முன்னதாக ‘எட்டு அங்குலம் ஸ்னோ’ என்று எந்தச் செயலி சொன்னாலும் கண்டுகொள்ளாதீர்கள். மூன்று நாள் முன்பு புயலின் பாதையைப் பாருங்கள். என்ன விழும் என்பது கடைசி ஒரு நாளில்தான் தெளிவாகும். வானிலை பலூன்களை வழக்கமாகக் காலை ஏழு, மாலை ஏழு வாக்கில் இரண்டு முறை மேலே அனுப்புவார்கள். லாங் ஐலண்டின் அப்டன், வர்ஜீனியாவின் ஸ்டெர்லிங் போன்ற இடங்களிலிருந்து போகும் அந்தப் பலூன்கள்தான் நடு அடுக்கின் சூட்டை நேரடியாக அளக்கின்றன. அடுத்த 18 மணி நேரத்துக்கு, ஒவ்வொரு மணிக்கும் புதுப்பிக்கப்படும் ஹெச்ஆர்ஆர்ஆர் என்ற கணினிக் கணிப்பு மாடல் உதவும்.

இதையெல்லாம் நீங்களே அலச வேண்டியதில்லை. வெதர் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு, ‘ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பணியில் இருக்கும் வானிலையாளர் தன் கணிப்புக்கான காரணத்தையும், எந்த இடத்தில் தனக்குச் சந்தேகம் என்பதையும் அதில் எழுதியிருப்பார். இலவசமாகக் கிடைக்கும் விஷயங்களில் இவ்வளவு பயனுள்ளது எனக்குத் தெரிந்து வேறில்லை. ‘வார்ம் நோஸ்’ என்று இருந்தால் நடுவில் சூடான அடுக்கு நுழைகிறது என்று பொருள். ‘வெட்ஜ்’ அல்லது ‘கோல்டு ஏர் டேமிங்’ என்றால் மலைக்குக் கிழக்கே குளிர் தேங்கி நிற்கிறது. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் அடுத்த நாள் வெளியே போகும் திட்டத்தைத் தள்ளி வையுங்கள்.

டியூ பாயின்ட் என்ற எண்ணையும் பார்த்துப் பழகுங்கள். காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை அது. வெளி வெப்பநிலையைவிட அது எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, காற்று அவ்வளவு வறண்டது. வெளியே 36 டிகிரி ஃபாரன்ஹீட், டியூ பாயின்ட் 22, இரவு மழை என்று வைத்துக்கொள்வோம். 36 தானே, உறையாது என்று தோன்றும். ஆனால் வறண்ட காற்றில் மழை விழ ஆரம்பித்ததும் துளிகள் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். வெப்பநிலை 31 வரை இறங்கிவிடும். அப்புறம் விழுவதெல்லாம் ஐஸ்தான். இன்னொரு பக்கமும் உண்டு. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுவதால், வடக்கிலிருந்து புதிதாகக் குளிர் வராவிட்டால் ஃப்ரீசிங் ரெயின் தானாகவே வெறும் மழையாக மாறிவிடும். காற்று வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வீசிக்கொண்டே இருக்கிறதா, திசை திரும்பிக் கடலிலிருந்து வீசத் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். திரும்பாதவரை ஆபத்து தொடர்கிறது.

ஸ்லீட்டையும் லேசாக எடைபோட வேண்டாம். பத்து அங்குல ஸ்னோவில் இருக்கும் தண்ணீர், ஸ்லீட்டாக விழுந்தால் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் அடங்கிவிடும். அதனால் கணிப்பில் சின்ன எண்ணாகத் தெரியும், அள்ளும்போதுதான் அதன் கனம் புரியும். விழுந்த அன்றே அள்ளிவிடுங்கள், இரவில் இறுகினால் மண்வெட்டி இறங்காது. 2007 பிப்ரவரி 14 புயலில் பென்சில்வேனியாவின் ஐ-78 சாலையில் நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவு முழுக்க மாட்டிக்கொண்டன. சாலையில் இறுகிய ஸ்லீட்டுக்கும் ஐஸுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

வீட்டுக்குள் இருந்தே ஸ்லீட்டை அடையாளம் காணலாம். ஜன்னல் கண்ணாடியில் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். ஜாக்கெட் கையை நீட்டினால் கடுகை விடச் சற்றுப் பெரிய மணிகள் துள்ளி விழும். அந்தச் சத்தம் அடங்கியதும் எல்லாம் நின்றுவிட்டது என்று இறங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அது ஃப்ரீசிங் ரெயினாக மாறியிருக்கும். முதலில் மெல்லிய கிளை நுனி, படிக்கட்டுக் கைப்பிடி, கார் கதவுப் பிடி ஆகியவற்றைப் பாருங்கள். காற்று நாலாபக்கமும் படும் பொருட்களில்தான் ஐஸ் முதலில் பிடிக்கும். அடுத்தது மர டெக், பாலங்கள், மேம்பாலங்கள். தெருவுக்குக் கடைசியில்தான் வரும். எனவே வீட்டு வாசல் நன்றாக இருக்கிறது என்பது ஹைவேயும் நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அல்ல.

எச்சரிக்கைகளில் ‘வாட்ச்’ என்றால் வர வாய்ப்பிருக்கிறது, ‘வார்னிங்’ என்றால் ஏறக்குறைய உறுதி. ‘ஐஸ் ஸ்டார்ம் வார்னிங்’ பல இடங்களில் கால் அங்குல ஐஸ் படியும் என்ற நிலையில் கொடுக்கப்படும். கால் அங்குலமா என்று நினைக்கலாம். அரை அங்குலத்துக்குப் போனால் மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகள் மேல் விழ ஆரம்பிக்கும். 2008 டிசம்பர் ஐஸ் புயலில் நியூ இங்கிலாந்து, நியூயார்க் பகுதிகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. நியூ ஹாம்ப்ஷயரில் சிலருக்குக் கரண்ட் திரும்பி வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது. போன்களை முன்கூட்டியே சார்ஜ் செய்யுங்கள், கம்பளிகளை எடுத்து வையுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ காரேஜிலோ ஓட்டவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அறுந்து கிடக்கும் மின்கம்பியில் கரண்ட் இல்லை என்று தோன்றினாலும் பக்கத்தில் போகாதீர்கள்.

இரண்டு பேருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விசாவில் வந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று மேனேஜரிடம் கேட்கத் தயங்கி, ஐஸ் மேல் வண்டியை எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முந்தைய நாளே எச்சரிக்கையை இணைத்து ஒரு மெயில் போடுங்கள், கேட்பது இங்கே வழக்கம்தான். அடுத்து, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா. காலை வாக்கிங் பழக்கம் உள்ளவர்கள் நீங்கள் எழுவதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார்கள். முந்தின இரவே விஷயத்தைச் சொல்லி, வாசல் படிகளில் உப்பைத் தூவிவிட்டுப் படுங்கள். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டு வர மாதக்கணக்கில் ஆகும்.

கடைசியாக, எம்பிங் என்று ஒரு செயலி இருக்கிறது. அமெரிக்க அரசின் கடும்புயல் ஆய்வகம் ஈடுபட்டிருக்கும் திட்டம் அது. உங்கள் வாசலில் இப்போது விழுவது மழையா, ஸ்லீட்டா, ஃப்ரீசிங் ரெயினா என்று அதில் தெரிவிக்கலாம், பெயர் கேட்காது. ராடார் கற்றை உயரத்தில் போவதால் தரையில் என்ன விழுகிறது என்பதை நேரடியாகப் பார்க்க முடியாது. எல்லைக்கோடு எந்த ஊர்வரை வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வானிலையாளர்களுக்கு நீங்கள் அனுப்பும் தகவல் உதவும். சந்தேகமாக இருந்தால் உள்ளே நின்றபடியே கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.